ஆனந்த குமாரசாமியும் அவர் ஈட்டிய சித்திரச் செல்வமும்

உலகில் பொருள் ஈட்டுவோர் பலர். பொன் ஈட்டுவோரும், நிலம் ஈட்டுவோரும், நெல் ஈட்டுவோரும் நம் கண்முன்னே உளர். பிறர் குப்பையென்று ஒதுக்கிய பழந்தாள்களை ஈட்டி, அவற்றின் வாயிலாக ஒரு நாட்டின் மறைந்த பெருமையை மீட்டுக் கொடுத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் முதன்மை பெற்றவர் கலாயோகி ஆனந்த குமாரசாமி அவர்கள். அன்னாரைத் தத்துவ அறிஞர் என்றும், நடராசத் திருவுருவின் உட்பொருளை மேனாட்டார்க்கு உணர்த்திய ஆசிரியர் என்றும் நம்மவர் பலர் அறிவர். அவர் பழஞ்சித்திரங்களைத் தேடித் திரிந்த வரலாற்றை அறிந்தவர் அத்துணைப் பலர் அல்லர். அவ்வரலாறு இன்பமும் துன்பமும் கலந்தது. நம் இல்லங்களிற் கிடக்கும் பழம்பொருள்களைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டுவனவும் அதன்கண் உள. ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

பிறப்பும் கல்வியும்

இலங்கையிலே, கொழும்பு நகரத்தில், 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள் ஆனந்தர் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசாமி, சட்டசபையில் வீற்றிருந்தவர், இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்ற புலமையாளர், அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863-ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்டவர். பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் அவர்க்கு மருகர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. அவ்வம்மையார் கெண்ட் நாட்டிலே பிறந்தவராதலின், பிள்ளைக்கு ஆனந்த கெண்டிஷ் குமாரசாமி என்று பெயரிட்டனர். ஒரே பெயரில் இரு நாடுகளும் கைகோத்து நின்றன. அவர் வாழ்க்கை முழுவதும் அவ்வாறே அமைந்தது.

பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும் முன்னரே, 1879-ஆம் ஆண்டில், தந்தையார் காலமாயினார். தாயார் மகனை இங்கிலாந்திலேயே வளர்த்தார். குளொஸ்டர் நாட்டில் விக்கிளிப் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலும் பயின்று, நிலநூலும் பயிர்நூலும் கற்று, 1900-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். சித்திரக் கலையில் பேர்பெற்ற இவர் முதலிற் கற்றது கல்லையும் மண்ணையும் ஆராயும் கல்வி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கல்லின் அடுக்கைக் கண்டு அதன் காலத்தையும் பிறப்பிடத்தையும் உய்த்துணரும் பயிற்சியே, பிற்காலத்தில் பெயரும் தேதியும் இல்லாத சித்திரங்களை வகைப்படுத்த அவர்க்குத் துணையாயிற்று என்பது நம் கருத்து.

1903-ஆம் ஆண்டு முதல் 1906-ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனிப்பொருள் ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராக இருந்தார். அக்காலத்தே தோரியனைட் என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்து அறிவியலுலகிற் பெயர் பெற்றார். 1906-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் அவர்க்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவ்வழியே சென்றிருப்பின், சிறந்த நிலநூல் அறிஞராக, நிறைந்த சம்பளத்தோடு, கவலையின்றி வாழ்ந்திருப்பார். ஆயின் கல்லைத் தேடி ஊரூராகச் சென்ற அவர் கண்ணுக்கு வேறொன்று புலப்பட்டது.

மனம் திரும்பிய வகை

கண்டி நாட்டுச் சிற்றூர்களில், தச்சரும், கொல்லரும், தந்தம் செதுக்குவோரும், கோயிற் சுவரில் ஓவியம் தீட்டுவோரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில்கள் நாளுக்கு நாள் தேய்ந்து வந்தன. கப்பலில் வந்த மலிவான சரக்கு கடைவீதியை நிறைத்தது. கற்றவர்கள் தம் முன்னோர் உடையையும் பாத்திரத்தையும் கண்டு நாணினர். இதனைக் கண்ட ஆனந்தர் உள்ளம் வருந்தினார். இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். 1902-ஆம் ஆண்டில் தாம் மணந்த எதெல் அம்மையாரின் துணையோடு, எஞ்சியிருந்த கைத்தொழில்களை எல்லாம் குறிப்பெடுத்தும் நிழற்படம் எடுத்தும் தொகுத்தார். அதன் பயனாக எழுந்ததே இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல்.

அந்நூலை அச்சிட்ட முறையும் கூறத்தக்கது. இங்கிலாந்தில் பிராட் காம்டன் என்னும் ஊரில் பழைய கோயிற் கட்டிடம் ஒன்றைச் செப்பனிட்டு ஆனந்தர் வீடாக்கிக் கொண்டார். கைத்தொழிலின் உயர்வை ஆங்கில மக்களுக்கு எடுத்துரைத்த வில்லியம் மாரிஸ் என்பாரின் கையச்சுப் பொறி அங்கு இருந்தது. அப்பொறியிலே, தம் கண்காணிப்பிலேயே, 1908-ஆம் ஆண்டில் 425 படிகள் மட்டும் அச்சிட்டு முடித்தார். கைத்தொழிலைப் புகழும் நூல் கைத்தொழிலாகவே வெளிவந்தது.

அக்காலத்து மேனாட்டார் இந்தியக் கலையை எவ்வாறு மதித்தனர் என்பதனை ஈண்டுக் குறித்தல் வேண்டும். இந்தியர் அழகிய துணி நெய்வர், பாத்திரம் செய்வர், நகை இழைப்பர். ஓவியமும் சிற்பமுமாகிய நுண்கலை அவர்க்கு இல்லை என்பதே அவருட் பலர் கொள்கை. 1910-ஆம் ஆண்டில் இலண்டனில் கூடிய ஓர் அவையில், இந்தியப் பொருள்களை நெடுநாள் ஆராய்ந்த சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவரே, தியானத்தில் அமர்ந்த புத்தர் திருவுருவை அவித்த மாப்பண்டம் ஒன்றோடு ஒப்பிட்டு இகழ்ந்தார். அதனைப் பொறாத ஹாவெல், ரோதன்ஸ்டைன் முதலியோருடன் ஆனந்தரும் சேர்ந்து, அவ்வாண்டிலேயே இந்தியா சொசைட்டி என்னும் கழகத்தைத் தோற்றுவித்தனர். வெறும் வாதத்தினால் இகழ்ச்சி நீங்காது. சித்திரங்களையே கண்முன் வைத்தல் வேண்டும். வைப்பதற்குச் சித்திரங்கள் எங்கே? அவற்றைத் தேடிப் புறப்பட்டார் ஆனந்தர்.

தேடிய காலமும் இடமும்

1907-ஆம் ஆண்டு முதல் பலமுறை இந்தியாவிற் பயணம் செய்தார். 1909-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு தங்கினார். 1910-11-ஆம் ஆண்டுகளில் அலகாபாத்தில் நடந்த பெரிய கண்காட்சியிலே கலைப்பகுதியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதனை ஒட்டி வட இந்தியா எங்கும் சுற்றினார். இராஜபுதனத்து அரண்மனைகள், பஞ்சாபின் மலைநாடுகள், காசி, தில்லி, அமிர்தசரஸ் நகரங்களின் கடைத்தெருக்கள் ஆகிய இடங்களிற் பழஞ்சித்திரங்களைத் தேடி வாங்கினார்.

அக்காலத்தே மொகலாயச் சித்திரங்களுக்கே மதிப்பு இருந்தது. அக்பரும் ஜஹாங்கீரும் தம் அவையிற் போற்றிய ஓவியர்களின் வேலைப்பாடு மேனாட்டுச் செல்வரிடையே விலைபோயிற்று. சிற்றரசர்களின் ஆதரவிலே, கண்ணன் லீலையையும், இராமாயணத்தையும், இராகங்களை ஆடவர் பெண்டிராக உருவகித்த இராகமாலையையும், எண்வகை நாயகியரையும் தீட்டிய சித்திரங்களை யாரும் பொருட்படுத்தவில்லை. அவை மொகலாயக் கலையின் தேய்ந்த நிழல் என்றே கருதப்பட்டன. வணிகர் சிலர் மலைநாட்டுச் சித்திரங்களைத் திபெத்து நாட்டுச் சரக்கு என்று சொல்லி விற்றனர் எனின், அவற்றின் நிலை இன்னதென நாம் உணரலாம். அவற்றை ஈன்ற நாடே அவற்றின் பெயரை மறந்திருந்தது.

இயற்கையும் அவற்றிற்குப் பகையாயிற்று. 1905-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் நாள் காங்கிரா நாட்டை நிலநடுக்கம் குலைத்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். சித்திரக் கலையை வளர்த்த சன்சார் சந்த் மன்னனின் கோட்டை இடிந்து வீழ்ந்தது. ஆனந்தர் தேடத் தொடங்கியது அந்நிகழ்ச்சிக்குச் சில ஆண்டுகளே பின்னர் என்பதை நோக்கின், இன்னும் ஒரு தலைமுறை தாழ்த்திருந்தால் எவ்வளவு அழிந்திருக்கும் என்று நெஞ்சம் நடுங்குகின்றது.

கோட்டோவியங்களின் சிறப்பு

முற்றுப்பெற்ற வண்ணச் சித்திரங்களை மட்டும் அவர் வாங்கினார் அல்லர். முற்றுப்பெறாத மைக்கோட்டுருவங்களையும் அவற்றிற்கு நிகராக மதித்துச் சேர்த்தார். இதன் அருமையை உணரவேண்டின், அச்சித்திரங்கள் எழுந்த முறையை ஒருவாறு அறிதல் வேண்டும்.

ஓவியன் முதலில் பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி, உறுதியான ஏடு செய்துகொள்வான். அதன்மேல் கரியினாலோ மெல்லிய செம்மையினாலோ உருவங்களை வரைவான். பின்னர் வெண்சுதையை மிக மெல்லிதாகப் பூசுவான். அதனூடே மங்கலாகத் தோன்றும் கோடுகளைப் பின்பற்றி, அணிலின் மயிராற் செய்த தூரிகை கொண்டு, கருமையினால் மீண்டும் திருத்தமாக வரைவான். அதன் பிறகே வண்ணங்கள் படிப்படியாக ஏறும். இடையிடையே ஏட்டைக் கவிழ்த்து வைத்து, வழவழப்பான கல்லினால் முதுகிலே தேய்த்து மெருகேற்றுவான். தேர்ந்த உருவம் ஒன்றைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டின், மெல்லிய தோலிலே அதனைப் பெயர்த்து, கோடு நெடுகிலும் ஊசியாற் குத்தி, கரித்தூளைத் தூவிப் புதிய ஏட்டில் இறக்குவதும் உண்டு. நம் வீட்டு வாயிலிலே துளையிட்ட குழாயை உருட்டிக் கோலம் இறக்கும் மகளிர்க்கு அம்முறை எளிதில் விளங்கும்.

இவ்வாறு வண்ணத்தின் அடியில் மறைந்துபோகும் கோடே ஓவியனுடைய உண்மையான கைத்திறன். வண்ணம் ஏறாது நின்றுவிட்ட ஏடுகளில் அக்கோடு மறைவின்றி விளங்குகின்றது. விற்போர்க்கு அவை முடியாத வேலை. வாங்குவோர்க்கு அவை அழகில்லாத தாள். ஆனந்தர்க்கோ அவை ஓவியனது உள்ளம் திறந்து கிடக்கும் ஏடுகள். 1910-ஆம் ஆண்டிலும் 1912-ஆம் ஆண்டிலும் இந்தியக் கோட்டோவியங்கள் என்ற பெயரால் இரண்டு தொகுதிகளை இந்தியா சொசைட்டியின் வாயிலாக அவர் வெளியிட்டார். கோட்டின் உயர்வைக் காட்டுதலே அவற்றின் நோக்கம்.

அவர் ஈட்டியவற்றுள் ஒன்றிரண்டைக் குறிப்பாம். இலங்கை முற்றுகையைத் தீட்டிய பெரிய இராமாயண ஏடுகள் சில அவர் கைக்கு வந்தன. பொன்மயமான இலங்கைக் கோட்டையும், சூழ நிற்கும் வானரப் படையும், அரியணையில் வீற்றிருக்கும் இராவணனும் அவற்றிலே தோன்றுகின்றனர். அவ்வரிசை முற்றுப்பெறவில்லை, கதை செல்லச் செல்ல வண்ணம் நின்று கோடு மட்டும் தொடர்கின்றது. நளதமயந்தி கதையை வரைந்த காங்கிரா நாட்டுக் கோட்டுருவங்கள் மற்றொரு வரிசை. ஜயப்பூரிலே அரண்மனைச் சுவரில் இராசலீலையைத் தீட்டுதற்கென்று பெரிய தாளில் வரைந்த கண்ணன் முகம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதனை நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலை 1918-ஆம் ஆண்டில் வாங்கிற்று. சுவருக்கு முன்னோடியாக நின்று, வேலை முடிந்தபின் எறியப்படவேண்டிய தாள் அது. இன்று அதனைக் காண்போர் கண்ணெடுக்க மாட்டாது நிற்கின்றனர். ஜைனர்களின் கல்பசூத்திர ஏடுகளும், மொகலாயக் கோட்டுருவங்களும் அவர் திரட்டியவற்றுள் அடங்கும்.

வகுத்த வகையும் எழுதிய நூலும்

பொருளைக் குவித்தல் ஒன்று. குவித்ததை அறிதல் மற்றொன்று. ஆனந்தர் இரண்டையும் செய்தார். தாம் கண்ட சித்திரங்களை இராஜஸ்தானி என்றும் பஹாரி என்றும் இரண்டாகப் பகுத்தார். சமவெளியிலும் பாலைநிலத்திலும் எழுந்தவை முன்னவை. இமயத்தின் அடிவாரத்து மலைநாடுகளில் எழுந்தவை பின்னவை. பஹாரியை மீண்டும் ஜம்மு, காங்கிரா என்று பிரித்தார். இவை யாவும் மொகலாயக் கலையின் நிழல் அல்ல, தனித்த உயிருடையன என்று நாட்டினார். மொகலாயன் கண்ட மனிதரை வரைந்தான். இராஜபுத்திரன் வழிவழி வந்த கதையையும் காதலையும் பக்தியையும் வரைந்தான் என்பது அவர் காட்டிய வேறுபாட்டின் சாரம். 1916-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் இராஜபுத்திரச் சித்திரம் என்னும் அவர் நூலை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டனர். அன்று முதல் அச்சித்திரங்களுக்கு உலகிலே பெயரும் இடமும் உண்டாயின.

அறிஞர் கூறியன அனைத்தும் நிலைபெறுவது அரிது. இலங்கை முற்றுகை ஏடுகளை அவர் ஜம்முவைச் சார்ந்தன என்றும், மிகப் பழையன என்றும் கொண்டார். அவை குலேர் நாட்டில் 1725-ஆம் ஆண்டையொட்டி மானக்கு என்னும் ஓவியனால் ஆக்கப்பட்டன என்பது பின்வந்தோர் முடிபு. மொகலாயமும் இராஜபுத்திரமும் அவர் நினைத்த அளவு வேறுபட்டன அல்ல, ஒன்றிலிருந்து ஒன்று கொண்டும் கொடுத்தும் வளர்ந்தன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

இம்முடிபு பிறந்த வழி நம் சங்கத்தார் அறிந்து மகிழத்தக்கது. அரித்துவாரத்திலே தீர்த்தப் புரோகிதர்கள், வரும் யாத்திரிகர்களின் ஊர், குடி, தந்தை, பாட்டன், பிள்ளைகள் ஆகியோர் பெயர்களைப் பேரேடுகளில் எழுதி வைத்துக் காத்து வருகின்றனர். பி. என். கோஸ்வாமி என்னும் அறிஞர் அவ்வேடுகளை ஆராய்ந்து, பண்டிதர் சேவு, அவர் மக்கள் மானக்கு, நைன்சுக் ஆகியோரின் குடிவழியைக் கண்டெடுத்தார். ஓவியத்தின் நடைக்கு அரசவையினும் ஓவியர் குடும்பமே அடிப்படை என்று 1968-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். தொழிலைக் கட்டிக் காத்தது குடும்பம். அக்குடும்பத்தின் பெயரைக் கட்டிக் காத்தது ஒரு கணக்கேடு. பழைய ஓவியன் தன் பெயரை நாடாது பணியாற்றினான் என்று ஆனந்தர் போற்றினார். அவர் திரட்டிய ஏடுகளை ஆக்கிய ஓவியரின் பெயரே பின்னர் வெளிப்பட்டது. அவர் அவ்வேடுகளைச் சிதறாமல் ஒருங்கே வைத்திராவிடின், பின்வந்தோர் அவரைத் திருத்துவதற்கும் இடம் இராது.

காசியில் எழாத மாளிகை

இனி, இவ்வரலாற்றின் துன்பப் பகுதிக்கு வருவாம். தாம் திரட்டிய செல்வத்தை ஆனந்தர் தமக்கென்று வைத்துக்கொள்ள விரும்பினார் அல்லர். காசி நகரத்திலே இந்தியக் கலைக்கென்று தேசியக் காட்சிச்சாலை ஒன்று எழுமாயின், தம் சித்திரங்கள் அங்கே இருத்தல் வேண்டும் என்பது அவர் அவா. அதற்குப் பொருளுதவி நாடினார். மாளிகை கட்டவும் காக்கவும் வேண்டிய பணம் சேரவில்லை. நாடெங்கும் சுதேசி முழக்கம் ஒலித்த காலம் அது. அந்நியத் துணியை எரிக்க எழுந்த கைகள் பல. சொந்தச் சித்திரத்தைக் காக்க நீண்ட கைகள் சிலவேனும் போதிய அளவில் இல்லை. அரண்மனைகளில் வெளிநாட்டு விளக்குகளும் எண்ணெய்ப் படங்களும் நிறைந்தன. அவற்றின் விலையில் ஒரு சிறு பகுதி ஒரு காட்சிச்சாலைக்குப் போதியிருக்கும்.

அதற்கிடையில் 1914-ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலே மகாயுத்தம் மூண்டது. இந்தியா உரிமையற்றிருக்க, ஆங்கிலேயர்க்காகப் படையிற் சேர்ந்து போரிட ஆனந்தர் மனம் ஒப்பவில்லை. இங்கிலாந்தில் வாழ்தல் அவர்க்கு அரிதாயிற்று. 1916-ஆம் ஆண்டில், இந்திய இசையில் வல்லவராகி ரத்தன் தேவி என்ற பெயரோடு பாடிவந்த தம் மனைவியாருடன் அமெரிக்கா சென்றார்.

அங்கே பாஸ்டன் நகரத்தில் டென்மன் ராஸ் என்னும் செல்வர் இருந்தார். அவரும் பல நாட்டுக் கலைப்பொருள்களைத் திரட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். ஆனந்தருடைய சித்திரத் திரளின் அருமையை உணர்ந்து, அதனை விலைகொடுத்து வாங்கி, 1917-ஆம் ஆண்டில் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலைக்கு நன்கொடையாக அளித்தார். இந்தியக் கலைக்கென்று ஒரு பகுதி அங்கே ஏற்பட்டது. அதற்குக் காப்பாளராக ஆனந்தரே அமர்ந்தார். சித்திரங்கள் சென்ற இடத்துக்கே அவற்றைத் தேடியவரும் சென்றார் என்க.

அவர் செய்தது தக்கதா, தகாததா என்று வினவுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். நாட்டின் செல்வத்தை அயல்நாட்டுக்கு விற்றார் என்பது ஒருசாரார் குறை. அக்குறையை நாம் எளிதிற் புறக்கணிக்க இயலாது. கண்ணனைத் தீட்டிய ஏடு கண்ணன் நாட்டாரின் கண்ணுக்கு எட்டாத தொலைவிலே கிடத்தல் வருத்தந் தருவதே. ஆயின் மறுபக்கத்தையும் நோக்குதல் நடுவுநிலை. கொடுக்க நின்றவர் அவர். கொள்ள நின்றவர் இல்லை. மழையும் கறையானும் கொள்ளுமாறு விடுவதினும், அறிந்து போற்றுவார் கையில் சேர்ப்பது குற்றமாகுமா? குற்றம் ஒன்று உண்டு எனின், அது விற்றவர் மீது மட்டும் சார்வதன்று. பாராமுகமாக இருந்த செல்வர் அனைவர் மீதும் பங்கிட்டுச் சாரும். இதுவே நம் துணிபு.

காசியில் அவர் எண்ணிய எண்ணம் முற்றும் வீண்போகவில்லை என்பது ஓர் ஆறுதல். 1920-ஆம் ஆண்டில் ராய் கிருஷ்ணதாசர் என்னும் பெரியார் காசியிலே, இரவீந்திரநாத தாகூரைத் தலைவராகக் கொண்டு, பாரத கலாபவனம் எனப் பின்னர்ப் பெயர் பெற்ற நிலையத்தைத் தோற்றுவித்தார். தம் சொந்தச் சேகரத்தையே அதற்கு வித்தாக இட்டார். அந்நிலையம் காசி இந்து சர்வகலாசாலையைச் சேர்ந்து இன்றும் விளங்குகின்றது. ஆனந்தர் கேட்டபோது கிடைக்காதது, அவர் கடல் கடந்து நான்காண்டுகளிற் கிடைத்தது. சில ஆண்டுகள் முந்தியிருப்பின் இவ்வரலாறு வேறாகியிருக்கும்.

பாஸ்டனிற் செய்த பணி

பாஸ்டனில் அவர் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். வேலைக்குச் சேர்ந்த மறுநாளே ஓய்ந்திருக்கத்தக்க புகழ் அவர்க்கு இருந்தது. அவரோ ஒவ்வொரு சித்திரத்தையும் ஒவ்வொரு சிலையையும் அளந்து, பார்த்து, கதையை ஆராய்ந்து, அட்டவணை எழுதினார். ஜைனச் சித்திரங்களின் அட்டவணை 1924-ஆம் ஆண்டிலும், இராஜபுத்திரச் சித்திரங்களின் அட்டவணை 1926-ஆம் ஆண்டிலும், மொகலாயச் சித்திரங்களின் அட்டவணை 1930-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அட்டவணை எழுதுதல் புகழ் தராத உழைப்பு. கணக்கில்லாத சொத்து கரையும் என்பது குடும்பத் தலைவர் அனைவரும் அறிந்ததே. கலைச் சொத்தும் அத்தகையதே.

பிற நாட்டுக் கலைகளையும் அவர் சம அன்போடு ஆராய்ந்தார். அக்காட்சிச்சாலையிலே சீன ஜப்பானியச் சித்திரங்கள் முன்னரே பெருகியிருந்தன. ஜப்பானிய அறிஞர் ஒக்காகுரா அங்கே பணியாற்றி 1913-ஆம் ஆண்டில் மறைந்திருந்தார். பாரசீகச் சித்திரங்களும் இருந்தன. விசையினால் இயங்கும் பாவைகளையும் நீர்க்கடிகாரங்களையும் விளக்கும் அல் ஜசாரியின் அரபு நூலினது ஏடுகளைப் பற்றி 1924-ஆம் ஆண்டில் ஆனந்தர் ஒரு நூல் எழுதினார். 1920-ஆம் ஆண்டை ஒட்டி ஜப்பான், ஜாவா, கம்போஜம் முதலிய நாடுகளுக்கும் சென்று வந்தார். 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலொன்றில், சீனத்து ஓவியர் வகுத்த ஆறு இலக்கணங்களையும், நம் நாட்டுச் சித்திர நூல்களின் ஆறு உறுப்புக்களையும், ஜெர்மன் தேசத்து ஞானியாகிய எக்கார்ட்டின் கொள்கையையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, கலையின் நோக்கம் எங்கும் ஒன்றே என்று காட்டினார். பல நாட்டுச் சித்திரங்களை ஒரு கூரையின் கீழ்ச் சேர்ப்பதன் பயன், இவ்வொருமையைக் காண்பதேயாம்.

தமிழ்நாட்டோடு அவர்க்கிருந்த தொடர்பையும் ஒரு சொல்லாற் குறிப்பாம். சிவ நடனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகையில் 1912-ஆம் ஆண்டிலே தோன்றிற்று. திருமூலர் வாக்கையும் உண்மை விளக்கத்தையும் துணைக்கொண்டு அதனை எழுதினார். அக்கட்டுரையின் பெயரையே தாங்கிய நூல் 1918-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வெளியாகி உலகெங்கும் பரவிற்று.

காட்சிச்சாலையிலே வாழ்ந்த இவர், பழங்கலைப்பொருள்கள் காட்சிக்காகவே செய்யப்பட்டன அல்ல என்பதனை ஓயாது வற்புறுத்தினார். வழிபாட்டுக்காகவும், வீட்டு வழக்கத்துக்காகவும், கதை கேட்கவும் படிக்கவும் ஆக்கியவற்றை, அவ்வாழ்க்கை அழிந்தபின் கண்ணாடிப் பெட்டியில் வைக்கின்றோம். பெட்டியில் வைத்ததைப் பார்த்தால் மட்டும் போதாது, அது எதற்காகப் பிறந்தது என்று உணர வேண்டும் என்பது அவர் முடிபு. 1943-ஆம் ஆண்டில் வெளியான அவர் கட்டுரைத் தொகுதி ஒன்று இப்பொருளையே கொண்டது. சேர்ப்பதில் தொடங்கியவர், சேர்ப்பதின் எல்லையையும் கண்டார்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியா விடுதலை பெற்றது. அம்மாதத்திலேயே ஆனந்தர்க்கு எழுபது வயது நிரம்பிற்று. அலுவலை விடுத்து, இந்தியாவுக்குத் திரும்பி, தனிமையிலே தியானத்தில் வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்று எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. செப்டம்பர் மாதம் 9-ஆம் நாள், பாஸ்டனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னும் ஊரில், தம் இல்லத்திலே உயிர்நீத்தார். அவர் தேடிய சித்திரங்களைப் போலவே அவரும் அயல்நாட்டிற் தங்கிவிட்டார்.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நம் சங்கத்தாரின் பழைய இல்லங்கள் பலவற்றிலே, பரணிலும் பூசையறையிலும் மரப்பெட்டியிலும், தஞ்சாவூர்ப் படங்களும், கண்ணாடிச் சித்திரங்களும், ஓலைச்சுவடிகளும், கல்யாணக் கணக்கேடுகளும் உறங்குகின்றன. வீட்டைப் புதுப்பிக்கும்போது அவை முதலில் வெளியேறுகின்றன. சட்டத்தின் தேக்குமரத்துக்கும் பொன் இழைக்கும் விலை பேசும் வியாபாரி, சித்திரத்துக்கு விலை பேசுவதில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களையும், எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட அரிய சுவடிகளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. ஆயின் எல்லையைக் காக்கும் சட்டம் பரணைக் காக்காது. பரணைக் காக்க வேண்டியவர் வீட்டார்.

பெருஞ்செலவு வேண்டுவதில்லை. உள்ளவற்றைத் துடைத்து, ஈரம் படாத இடத்தில் வைத்து, இது இன்னாருடையது, இன்ன ஊரிலிருந்து வந்தது, இன்ன கதையைச் சொல்வது என்று முதியோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்தல் போதும். அரித்துவாரத்துப் பேரேடு போல, அவ்வொரு தாளே நாளை ஒரு கலைஞன் குடியை உலகுக்கு அறிவிக்கலாம். வைத்துக் காக்க இயலாதார், அரசாங்கக் காட்சிச்சாலைக்கோ தக்க நூல்நிலையத்துக்கோ பெயர் எழுதிக் கொடுப்பாராக. முதியோர் நினைவு தளருமுன் இது நிகழ்தல் வேண்டும்.

ஆனந்தர் கேட்டபோது நாடு கைநீட்டவில்லை. அக்குறை நம் தலைமுறையிலும் தொடராமை நம் கையில் உள்ளது. அப்பெரியார் புகழ் நீடூழி வாழ்க.